தொண்டை கட்டிய புதன்கிழமை

சுவிஸின் பேர்ண் நகரில் காலை முழுவதும் மருத்துவமனைச் சமையலறையில் நின்றுவிட்டு, புதன்கிழமை பிற்பகலில் அதே நகரின் பூம்ப்ளிஸ் பகுதியில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பன்னிரண்டு வருடமாக இதே ஓட்டம். என் மூன்றாம் வகுப்பில் ஆரணி என்றொரு சிறுமி வாயே திறக்க மாட்டாள். அவளுக்குத் தமிழ் வராது, இரண்டாம் வகுப்புக்கு இறக்கிவிடலாம் என்று தாய்க்குக் கடிதம் எழுதிப் பையில் வைத்திருந்தேன்.

அதைக் கொடுக்க இருந்த அன்று பார்த்து எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. பக்கத்து வகுப்பு ஆசிரியை சுபத்திரா என் வகுப்புப் பிள்ளைகளையும் தன் வகுப்பில் இருத்திக்கொண்டார். நான் கடைசி வரிசை வாங்கில் போய் இருந்தேன்.

"ஆரணி, நேற்று வீட்டிலை என்ன சாப்பாடு?" என்று கேட்டார் சுபத்திரா. வழக்கம்போல மௌனம். பதிலை எடுத்துக்கொடுக்க என் வாய் தன்பாட்டில் திறந்தது, சத்தம்தான் வரவில்லை. சுபத்திராவோ கதிரையில் உட்கார்ந்து பேசாமல் காத்திருந்தார்.

"அம்மா வேலைக்குப் போயிட்டா. நான்தான் புட்டைச் சூடாக்கி முட்டையும் பொரிச்சனான்" என்றாள் ஆரணி.

இடைவேளையில் அவளிடம் கிசுகிசுத்தேன். "என்ரை வகுப்பிலை ஏன் பிள்ளை கதைக்கிறேல்லை?"

"நீங்கள் கேட்டிட்டு நீங்களே சொல்லிப்போடுவியள், ரீச்சர்."

கடிதத்தை அங்கேயே கிழித்தேன். இப்போது கேள்வி கேட்டதும் நானும் கதிரையில் உட்கார்ந்து காத்திருக்கிறேன். கால்களுக்குக் கொஞ்சம் ஆறுதல்தான். ஆனால் அந்த மௌனத்தில், ஆரணிக்கு முந்தைய வருடங்களில் இதேபோல் நான் கீழ்வகுப்புக்கு இறக்கிவிட்ட இரண்டு பிள்ளைகளின் முகங்கள் நினைவுக்கு வந்துவிடுகின்றன.