மூன்று கம்ப்யூட்டர், ஒரு சாக்பீஸ்

1. ஏழரை மணி யாருக்கு?

மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் இரண்டு நாள். அந்த நாட்களில் காசிமேட்டைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், கல்யாண வீடு கூட அவ்வளவு பரபரப்பாக இருக்காது. இரண்டு மாதமாகக் கட்டிக் கிடந்த விசைப்படகுகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டும். ஐஸ் ஏற்றாமல் எந்தப் படகும் கிளம்பாது. எங்கள் ஐஸ் கம்பெனியில் பெரிய பார் ஐஸ் கட்டிகளை நொறுக்கும் கிரஷர் இரண்டு. ஒவ்வொன்றிலும் அரை மணிக்கு ஒரு போட். யாருக்கு எந்த நேரம் என்று பதிந்து, சீட்டு அடித்துக் கொடுப்பது எங்கள் வேலை.

அதற்கு மூன்று கம்ப்யூட்டர். ஆபீஸில் என்னுடையது, பக்கத்தில் ஜோதியுடையது, துறைமுக கேட் அருகே தகரக் கொட்டகையில் டில்லியுடையது. மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் நான் செய்த டேட்டாபேஸ் ஃபைல் ஒன்றை ஷேர் ஃபோல்டரில் போட்டு, மூவரும் அதையே திறந்து வேலை பார்த்தோம். எம்.கே.பி. நகரில் ஆறு மாதம் கிளாஸ் போய்க் கற்றவள் நான். அந்த ஃபைலைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மதியம் மூன்று மணிக்கு தேசம்மா வந்து நின்றார். பத்து வருடம் கூடை தூக்கி மீன் விற்று, இப்போதுதான் சொந்தமாக ஒரு போட் வாங்கியிருக்கிறார். அதற்கு இதுதான் முதல் பயணம்.

“எம்மா, இரண்டாவது கிரஷர்ல காலீல ஏழரைன்னு சீட்டு குட்த்த. கேட்டாண்ட டில்லி, அது குப்பன் போட்டுக்குன்றான். இன்னா இது?”

சீட்டைப் பார்த்தேன். நானே அடித்தது. ஸ்கிரீனைப் பார்த்தேன். ஏழரைக்கு எதிரே குப்பன் பெயர். தேசம்மாவின் போட் எங்கேயும் இல்லை. நானும் ஜோதியும் காலையில் பதிந்த இருபத்தாறு போட்டும் இல்லை.

“ஐஸ் இல்லேன்னா என் போட்டு கரைல நிக்கும். மொத நாளு மீனு அல்லாம் ஊரான் வலைக்குப் போவும். எட்டு ஆளுங்கள சேத்து வெச்சிகினு கீறேன், நான் இன்னா பதில் சொல்றது?” என்றார் தேசம்மா.

2. திட்டப் போனேன், வாங்கிக் கட்டிக்கொண்டேன்

நேராகக் கொட்டகைக்குப் போனேன். “இன்னாடா பண்ணி வெச்ச?” என்று கத்தினேன்.

டில்லி மிரண்டுவிட்டான். “அக்கா, இங்க வைஃபை உட்டு உட்டு வருது. ஃபைலு தொறந்தா அப்டியே நின்னுபூடுது. அதான் காலீல டெஸ்க்டாப்ல ஒரு காப்பி போட்டுகினு அதுல எய்தினேன். நீங்க அல்லாரும் சாப்ட போவ சொல்லோ, திரும்ப ஷேர் ஃபோல்டர்ல போட்டேன். ரீப்ளேஸா கேட்டுச்சு, எஸ் குட்த்தேன்.”

அவ்வளவுதான். அவன் காப்பி எங்கள் ஃபைலின் மேல் உட்கார்ந்துவிட்டது. நாங்கள் பதிந்தது ஒன்றும் அவனுக்குத் தெரியாது, அவன் பதிந்தது எங்களுக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தை இரண்டு பேருக்குக் கொடுத்திருக்கிறோம்.

“இந்த அறிவை யார்ரா உனக்குக் குடுத்தது?”

“நீதான்க்கா. சனிக்கெழம ஃபைல பென் டிரைவ்ல வூட்டுக்கு எட்த்துனு போற, திங்கக்கெழம திருப்பிப் போட்ற. உன்னப் பாத்துதான் கத்துகினேன்.”

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் மூடியிருக்கும், அதனால் என் திருட்டு வேலை அதுவரை மாட்டவில்லை. அவன் அதையே கூட்ட நாளில் செய்தான். அவமானமாக இருந்தது. “தப்பு என் மேலதான்” என்று எல்லார் முன்னாலும் சொன்னேன்.

பின்னாலேயே வந்திருந்த தேசம்மா விடவில்லை. “பலகைல எய்தின வரைக்கும் இந்த பேஜாரு இல்ல. கயித்துல கட்ன ஒரே சாக்பீசு. அது யாரு கைல கீதோ அவன்தான் எய்துவான். எய்தின கட்டத்துல இன்னொருத்தன் கை வெக்க முடியுமா?”

கம்ப்யூட்டர் வருவதற்கு முன் ஆபீஸில் தொங்கிய அந்தப் பலகையைக் கழற்றச் சொன்னவளே நான்தான். பலகையோடு சாக்பீஸையும் தூக்கிப் போட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

3. மூன்று மணி நேரம்

முதலாளியிடம் ஓடினேன். “எல்லாரையும் சீட்டோட வரச் சொல்லி மைக்ல சொல்லுங்க. ஒயரிங் ஆளும் வேணும், கொட்டகைக்குக் கேபிள் இழுக்கணும்.” அவர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. “ஆறரைக்குள்ள முடிச்சிடு, இல்லாங்காட்டி நம்ள பிச்சுடுவானுங்க” என்றார்.

மூன்று கம்ப்யூட்டரிலும் ஃபைலை மூடச் சொன்னேன். முதலில், இருந்ததை இருந்தபடியே தேதி போட்டு ஒரு பேக்கப். பிறகு ஃபைலை இரண்டாகப் பிரித்தேன். ஆக்சஸிலேயே அதற்கு வசதி உண்டு. பதிவுகள் இருக்கும் அட்டவணைகள், அதாவது டேபிள்கள், மட்டும் ஒரு ஃபைலாக, யூபிஎஸ் உள்ள என் கம்ப்யூட்டரில். ஃபாரமும் பட்டனும் உள்ள இன்னொரு ஃபைல், ஆளுக்கு ஒரு காப்பி. அதில் பதிவு ஒன்றும் கிடையாது, டேபிளுக்கு வழி மட்டும்தான். இனி டில்லி ஆசை தீரக் காப்பி எடுக்கட்டும், யார் பதிவும் போகாது.

அடுத்தது சாக்பீஸ். ஒருவர் திருத்திக்கொண்டிருக்கும் பதிவை இன்னொருவர் தொட முடியாதபடி லாக் போட்டேன். தேதி, கிரஷர், நேரம் மூன்றும் சேர்ந்து இரண்டாம் முறை வராதபடி டேபிளிலேயே யுனிக் இண்டெக்ஸ் வைக்கப் போனேன். மதியத்துக்குப் பிறகு டேபிளில் ஏதாவது இரட்டைப் பதிவு இருந்தால் அது ஏறாது. பயந்துகொண்டே சேவ் கொடுத்தேன். ஏறிவிட்டது! கை தட்டிவிட்டேன். ஜோதி என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தாள்.

இதற்குள் கேபிள் வந்துவிட்டது. வாசலில் ஒரே கூட்டம். சீட்டை வாங்குவதும் அழிந்ததைத் திரும்பப் பதிவதுமாக மூன்று பேரும் பறந்தோம். கொட்டகையிலிருந்து டில்லி போனில் கத்தினான்: “அக்கா! நீ அங்க போட்டவொன்ன இங்க தெரியுதுக்கா!” எங்கள் மூவருக்கும் திருவிழாக் கடையில் நிற்பதுபோல் இருந்தது.

தேசம்மாவின் சீட்டை வைத்து ஏழரையைத் தட்டினேன். கம்ப்யூட்டர் மறுத்தது. குப்பன் பெயர் ஏற்கெனவே இருக்கிறதே. மறுக்க வேண்டியதைத்தான் மறுத்தது, ஆனால் ஆள் தப்பு. சீட்டு அடித்த நேரமும் அதில் அச்சாகும். தேசம்மாவுடையது ஒன்பது நாற்பது, குப்பனுடையது பத்து ஐந்து. குப்பனைக் கூப்பிட்டு இரண்டையும் காட்டினேன்.

“சரி, அந்தம்மாதானே முன்னால வாங்கிகீது. எனக்கு ஒம்போது போடு. ஆனா இதுக்கு மேல மாத்தினா நல்லாருக்காது, சொல்லிட்டேன்” என்றார்.

ஆறேகால் மணிக்குக் கடைசிச் சீட்டும் ஏறியது.

4. சரிபார்த்தவர்

ஐஸ் ஏற்றும் நாள் காலை ஏழு மணிக்கு தேசம்மா ஆபீஸுக்கு வந்தார். “என் பேரு கீதா இல்லியா, காட்டு” என்றார். காட்டினேன். நம்பவில்லை. ஜோதியின் மேஜைக்குப் போய்ப் பார்த்தார். அதிலும் இருந்தது. வெயிலில் கொட்டகை வரை நடந்து, டில்லியின் ஸ்கிரீனையும் பார்த்துவிட்டு வந்தார்.

“மூணுலயும் ஒண்ணாத்தான் கீது” என்று சொல்லிவிட்டுக் கிரஷரைப் பார்த்து நடந்தார். ஏழரைக்கு அவர் போட்டுக்கு ஐஸ் இறங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

புதிதாக வேலைக்கு வருபவர்கள், டேட்டாபேஸை எப்படி டெஸ்ட் செய்வது என்று என்னைக் கேட்பதுண்டு. தேசம்மா செய்தபடி செய்யுங்கள் என்பேன். ஒவ்வொரு கம்ப்யூட்டராக நடந்து போய், ஒரே கேள்வியைக் கேளுங்கள். எல்லாவற்றிலும் ஒரே பதில் வரவேண்டும். என் பென் டிரைவ் அன்றிலிருந்து ஆபீஸ் வாசலைத் தாண்டவில்லை.