அலாம் அடித்தபோது எதிர்வீட்டைப் பார்த்தேன்

எங்கள் கட்டிடத்தில் ஃபயர் அலாம் அடித்தால் யாரும் இறங்குவதில்லை. நாடுவிட்டு வந்து அஜின்கோர்ட் பகுதியில் இந்த ஏழாம் மாடிக்குக் குடியேறிய புதிதில் எனக்கு அது தெரியாது. முதல் முறை அடித்தபோது, பாஸ்போர்ட்டுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வீட்டில் போடும் சட்டையுடனேயே கீழே ஓடினேன். வாசலில் நான் மட்டும்தான் நின்றேன். யாரோ செத்தல் மிளகாய் வறுத்திருக்கிறார்கள். திரும்பி வரும்போது எலிவேற்றருக்குள் ஒரு அண்ணை கேட்டார்: "என்ன, நெருப்பை அணைச்சிட்டியளோ?" உள்ளே நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குள் வந்தபிறகும் முகம் எரிந்தது.

அதற்குப் பிறகு நானும் பழகிவிட்டேன். அலாம் அடித்தால் கதவைக் கொஞ்சமாகத் திறந்து எதிர்வீட்டைப் பார்ப்பேன். அங்கே அசைவு இல்லையென்றால் மூடிவிடுவேன்.

போன தை மாதம் ஒரு காலையில் அது அடித்தபோது, கணவருக்கு முழங்கால் ஒப்பரேஷன் முடிந்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை. கட்டிலில் இருந்து குளியலறைக்குப் போவதற்கே அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அலாம் நேரத்தில் எலிவேற்றர் ஓடாது.

"ஆரோ கருவாடு பொரிக்கினம். எதுக்கும் எதிர்வீட்டார் போறினமோ எண்டு பாரும்" என்றார்.

கதவைத் திறந்தேன். அதே நேரத்தில் எதிர்வீட்டு அக்காவும் திறந்தார். பயத்தைக் காட்ட வெட்கமாக இருந்ததால் சிரித்தேன். அவரும் சிரித்தார். இருவரும் கதவை மூடினோம்.

வழக்கமாகக் கொஞ்ச நேரத்தில் யாராவது அலாமை நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கு அது நிற்கவில்லை. கதவின் கீழிருந்து ஒரு மணமும் வந்தது. மிளகாயும் இல்லை, கருவாடும் இல்லை. பிளாஸ்ரிக் எரிவது போன்ற மணம்.

"இஞ்சருங்கோ, உது சமையல் மணம் இல்லை."

"உமக்கு எப்பவும் பயம். எல்லாரும் நிக்கினம்தானே. இந்தக் காலோட ஏழு மாடி இறங்கி, பிறகு ஒண்டுமில்லையெண்டால் ஆர் என்னைத் தூக்கிக்கொண்டு ஏறுறது?"

அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனால் உண்மையாகவே நெருப்பென்றால், இந்தக் கட்டிடத்திலேயே கடைசியாக இறங்கக்கூடிய மனிதர் அவர்தான். மற்றவர்கள் ஓடத் தொடங்கும்வரை காத்திருந்தால் எங்களுக்குப் பிந்திவிடும்.

திரும்பவும் கதவைத் திறந்தேன். எதிர்வீட்டு அக்கா குளிர் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு, கதவுப் பிடியில் கைவைத்தபடி நின்றார்.

"அக்கா, நீங்கள் போறியளோ?"

"நீங்கள் போகேல்லை எண்டுதானே தங்கச்சி நானும் நிண்டனான். நீங்கள் சிரிச்சியள்!"

"நீங்களும் சிரிச்சியளே அக்கா."

உள்ளே ஓடினேன். "எழும்புங்கோ, போவம்" என்றேன். கணவர் என் முகத்தைப் பார்த்தார். ஊன்றுகோல்களை எடுத்தார்.

ஊன்றுகோல் தட்டும் சத்தத்துக்கு நடைவழியில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. எல்லோரும் ஜக்கெற்றும் சப்பாத்துமாக உள்ளே ஆயத்தமாகவே நின்றிருக்கிறார்கள். நாங்கள் முன்னே போக, அவர்கள் பின்னால் வந்தார்கள். கணவர் ஒரு கையால் படிக்கட்டின் கம்பியைப் பிடித்தார், மறுகையை என் தோளில் போட்டார். அக்கா ஊன்றுகோல்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேல்மாடிக்காரரும் சேர்ந்துவிட்டார்கள்.

ஐந்தாம் மாடியில் கணவருக்குக் கால் மடங்கியது. கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்களை மூடினார். பக்கத்தால் போக இடம் இருந்தது. ஆனால் யாரும் போகவில்லை. நாங்கள் நின்றதும் பின்னால் வந்தவர்களும் நின்றுவிட்டார்கள்.

"ஏன் நிக்கினம்?" என்று மேலே ஒரு குரல் கேட்டது.

"கீழ புகையாம்."

"புகையோ? நெருப்பாம்!"

"அப்ப திரும்புங்கோ, மேல ஏறுங்கோ!"

காலடிகள் திரும்பும் சத்தம் கேட்டது. ஒரு குழந்தை வீரிட்டது. எனக்கு முன்னால் படிகள் வெறுமையாகக் கிடந்தன. அங்கே புகையே இல்லை. முன்னால் நின்றதால் எங்கள் மூன்று பேருக்கும்தான் அது தெரிந்தது. கணவருக்கு மூச்சு வாங்கியது. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் "வழி விடுங்கோ" என்று கேட்கக் கூச்சப்பட்டு, இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டு நடந்து வருகிற ஆள் நான்.

"நெருப்பில்லை!" என்று கத்தினேன். என் குரல் சுவரில் பட்டு எனக்கே திரும்பி வந்தது. "இவருக்குக் கால் ஏலாது, அதுதான் நிண்டனாங்கள்! மேல ஏறாதேங்கோ! படி நல்லாக் கிடக்கு, இறங்குங்கோ!" தமிழ் விளங்காதவர்களுக்காக, "நோ ஃபயர் ஹியர்! கோ டவுன்! கோ!" என்றும் கத்தினேன்.

முதலில் அந்தக் குழந்தையைத் தூக்கியபடி ஒரு பெண் எங்களைக் கடந்து இறங்கினாள். அதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் இறங்கினார்கள். எட்டாம் மாடிச் சீனப் பெண் ஒருத்தி கேட்காமலே கணவரின் மறுபக்கத்தைத் தாங்கிக்கொண்டாள்.

வெளியே வந்து நிமிர்ந்தபோது, மூன்றாம் மாடியின் மறுகோடி யன்னல் ஒன்றிலிருந்து கரும்புகை தள்ளிக்கொண்டு வந்தது. தீயணைப்புக்காரர் குழாயோடு உள்ளே ஓடினார்கள்.

பனி கொட்டியது. கணவருடைய உதடு நீலமாகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு வெற்று பஸ் வந்து, கதவைத் திறந்தபடி எங்களுக்கு முன்னால் நின்றது. குளிரில் நிற்பவர்கள் ஒதுங்குவதற்காக நகரசபை அனுப்பியதென்று பிறகுதான் அறிந்தேன். உள்ளிருந்து சூடு வந்தது. சனம் எல்லாம் கைகளைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸையும் பார்த்தது, ஆளையாளும் பார்த்தது. ஒருவரும் ஏறவில்லை.

நான் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. கணவரின் இடுப்பைப் பிடித்து முதல் படியில் ஏற்றினேன்.

"தங்கச்சி, உதில ஏறலாமோ?" என்று பின்னால் அக்கா கேட்டார்.

எனக்கும் தெரியாது. "ஓம், ஏறுங்கோ" என்றேன்.