பேனா யார் கையில்

பிள்ளைகளை எண்ணால் அளப்பது என் பிழைப்பு. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் எங்கள் மையம். பிள்ளைக்கு ஆட்டிசமோ என்று பயந்து வரும் பெற்றோரிடம் ஒரு படிவத்தை நீட்டுவேன். கூப்பிட்டால் திரும்புவதில்லை, முகம் பார்த்துப் பேசுவதில்லை, ஒரே விளையாட்டைத் திரும்பத் திரும்ப ஆடுகிறது என்று வரிசையாக இருக்கும். இல்லவே இல்லை என்றால் சுழியம், எப்போதும் என்றால் மூன்று. கூட்டினால் வரும் எண் ஒரு கோட்டைத் தாண்டினால் பிள்ளையை டாக்டரிடம் அனுப்பி, எங்கள் பயிற்சி வகுப்பில் இடம் கொடுப்போம். தாண்டாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். அடுத்தவர் வீட்டுக் கவலையைக் கூட்டிக் கழித்தே காலம் தள்ளுகிறவர் உங்களில் யாராவது இருந்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

முழு மதிப்பெண்

செராஸிலிருந்து வந்த ஓர் அம்மா பத்தே நிமிடத்தில் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். எல்லா வரியிலும் மூன்று. அப்படி ஒரு கூட்டுத்தொகையை நான் கண்டதே இல்லை. அவர் மகனோ என் முகத்தைப் பார்த்து, மேசையில் இருந்த பிஸ்கட்டைக் காட்டி, "எடுத்துக்கவா ஆன்டி?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். விசாரித்தால், அம்மா அதைப் பரீட்சைத் தாள் என்று நினைத்துவிட்டார். விளக்கிச் சொல்லி இன்னொரு படிவம் கொடுத்தேன். எல்லாம் புரிந்த பிறகும் அவருக்குக் கை வரவில்லை. "நானே எப்படி டீச்சர் என் பிள்ளைக்கு மார்க்கு கொறைச்சுப் போடுறது?"

அப்பாவின் கையெழுத்து

குமரன் கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டுபவர். மனைவி கலைவாணியையும் மகள் தாரணியையும் கூட்டிக்கொண்டு கொமுட்டர் ரயிலில் வந்திருந்தார். தாரணிக்கு அப்போது ஐந்து வயது. எங்கள் பயிற்சி வகுப்பில் ஆறு வயதுக்குள் சேர்ந்தால்தான் உண்டு, ஆகவே நேரம் இருந்தது.

நம் வீடுகளில் எந்தப் படிவமாக இருந்தாலும் ஆம்பளைதான் நிரப்புவார். நானும் பழக்கதோஷத்தில் படிவத்தையும் பேனாவையும் குமரனிடம் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்து, மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வட்டம் போட்டார். கூப்பிட்டால் திரும்புவதில்லை என்ற வரியில் கலைவாணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். "வீட்டுல டிவி சத்தம் லா, அதான்," என்று சொல்லி குமரன் சுழியத்தை வட்டமிட்டார். கலைவாணி மகளின் சடையைச் சரிசெய்ய ஆரம்பித்தார். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

கோட்டுக்கு நான்கு எண் குறைந்தது. குமரன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி, என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "என் பிள்ளைக்கு ஒன்னும் இல்லன்னு நீங்களே சொல்லிட்டீங்க. இது போதும் டீச்சர்."

தொந்தரவில்லாத பிள்ளை

கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றால் பாலர் பள்ளிக்கும் ஒரு படிவம் அனுப்புவது எங்கள் வழக்கம். தாரணியின் ஆசிரியை உடனே நிரப்பி அனுப்பினார். மேலிருந்து கீழ்வரை சுழியம். அடிப்பதில்லை, கடிப்பதில்லை, அழுவதில்லை என்று கீழே ஒரு குறிப்பு வேறு. எனக்கே நம்பிக்கை இல்லாமல் போன் போட்டேன். அவர் பாராட்டாகத்தான் சொன்னார், நானும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு கோப்பை மூடி வைத்தேன். "ரொம்ப நல்ல பிள்ளை அக்கா. மூலையில உக்காந்து பென்சில அடுக்கிக்கிட்டே இருக்கும். கிளாஸ்ல இருக்கிறதே தெரியாது லா."

இரண்டு வருடம் கழித்து

கலைவாணி மட்டும் மகளோடு வந்தார். தாரணி இப்போது ஒன்றாம் வகுப்பு. பாடம் ஏறவில்லை, யாரோடும் பேசுவதில்லை, சோதித்துப் பாருங்கள் என்று பள்ளியிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவள் நீலச் சீருடையோடு தரையில் உட்கார்ந்து தன் பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அவள் பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டேன். ஜிப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த முறை பேனா கலைவாணியிடம் இருந்தது. நிதானமாக வட்டம் போட்டுக்கொண்டு வந்தவர் ஒரு வரியில் நின்றுவிட்டார். அடிபட்டாலும் ஆறுதல் தேடி அம்மாவிடம் வருவதில்லை என்ற வரி. போன மாதம் வாசல் கேட்டில் விரல் நசுங்கியதாம். பிள்ளை அழவும் இல்லை, வந்து காட்டவும் இல்லை. சாயங்காலம் குளிப்பாட்டும்போதுதான் நகம் கறுத்திருந்ததை இவர் பார்த்தாராம். சொல்லிவிட்டு மூன்றை வட்டமிட்டார்.

கூட்டினேன். கோட்டை எப்போதோ தாண்டியிருந்தது. டாக்டரிடம் அனுப்பலாம், ஆனால் எங்கள் வகுப்பில் சேரும் வயது போய்விட்டது. அதை அவரிடம் சொன்னேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஏன் போன தடவையே இதையெல்லாம் சொல்லவில்லை என்றும் கேட்டுத் தொலைத்தேன். கலைவாணி கோபப்படவில்லை. பேனாவை மூடி என் பக்கம் தள்ளினார். "நீங்க பேனாவ அவர் கையிலதானே குடுத்தீங்க, டீச்சர்."

இப்போதெல்லாம் அம்மாவுக்கு ஒன்று அப்பாவுக்கு ஒன்று என்று இரண்டு படிவம், இரண்டு பேனா, இரண்டு அறை வைத்திருக்கிறேன். எனக்கென்று ஒரு படிவம் யாராவது நீட்டினால், கூப்பிட்டால் திரும்புவதில்லை, முகம் பார்ப்பதில்லை என்று அந்தச் செராஸ் அம்மா மாதிரி எல்லா வரியிலும் மூன்று போட்டுக் கொடுத்துவிடுவேன்.