ஜன்னல் அடைத்த சமையலறை

கிழக்குத் தாம்பரத்தில் நாங்கள் குடியிருந்த பின்போர்ஷனின் சமையலறைக்கு ஜன்னல் கிடையாது. இருந்த ஒன்றையும் வீட்டுக்கார அம்மா செங்கல் வைத்து அடைத்துவிட்டிருந்தார். மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். காலையில் இட்லிப் பானையும் உலையும் சேர்ந்து கொதித்தால் ஆவி போக வழியில்லாமல் ஷீட்டில் முட்டி, சொட்டுச் சொட்டாக என் தலையிலேயே விழும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. அந்த வருஷத்து ஐப்பசி மழையில் சுவர் மூலைகளில் கறுப்புப் புள்ளிகள் தோன்றின. ஸ்டவ் புகை என்று நினைத்துத் துடைத்தேன். துணியில் வழுவழுவென்று வந்தது. சில நாட்களில் அதே இடத்தில் இன்னும் அகலமாகப் படர்ந்தது. புளியில், கொத்தமல்லி விதையில், அலமாரிப் பலகையின் அடியில், எங்கும் பூசணம்.

கார்த்திகையில் எனக்கு இருமல் ஆரம்பித்தது. வேறு ஊராக இருந்தால் யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் காசநோய் ஆஸ்பத்திரி இருந்தது. ரயிலில் ஒருவர் இருமினால் பக்கத்தில் இருப்பவர் எழுந்துபோய் வாசலோரம் நின்றுகொள்வார். நான் அப்போது ஒரு பள்ளியில் நான்காம் வகுப்பு டீச்சர். தலைமையாசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கோவிச்சுக்காதீங்க டீச்சர். ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துடுங்க" என்றார்.

நான் எடுக்கவில்லை. எடுத்தால் தெரிந்துவிடுமே. என் தட்டையும் டம்ளரையும் தனியே வைத்தேன். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு இருமினேன். எங்கள் மகளுக்கு அப்போது இரண்டு வயது. நான் சமைக்கும்போது காலடியில் உட்கார்ந்து பாத்திர மூடிகளை வைத்து விளையாடுவாள். ஒரு நாள் காலை அவளும் இருமினாள். அதே வறட்டு இருமல். கடைசியில் அதே இழுப்பு.

என் கணவர் பாரிமுனையில் வேலை பார்த்தார்; தினமும் ரயிலில் போய்வருவார். எதற்கும் பதறாதவர். அன்று ஆபீசுக்குப் போகவில்லை.

"குழந்தையைக் கொஞ்ச நாள் கோவிலம்பாக்கத்துல உங்க அக்கா வீட்ல விட்டுடலாம்" என்றார்.

"எனக்கு அதுதான்னு நெனைக்கிறீங்களா?"

அவர் குழந்தையின் கவுன்களை மடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "இருமல் நின்னுடுச்சு. நல்லா சாப்பிடறா, தூங்கறா" என்றார் சந்தோஷமாக. என்னை விட்டு விலகியதும் குழந்தை தேறிவிட்டாள். இனி எனக்கு வேறென்ன நிரூபணம் வேண்டும்?

மறுநாளே எக்ஸ்ரே எடுத்தேன். மேற்குத் தாம்பரத்தில் இருந்த பெண் டாக்டர் ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"நெஞ்சு சுத்தமா இருக்கும்மா."

நம்ப முடியவில்லை. "அப்போ குழந்தை என்னை விட்டுப் போனதும் எப்படி டாக்டர் சரியாச்சு?"

வீட்டைப் பற்றி விசாரித்தார். சொன்னேன். "குழந்தை உங்களை விட்டு மட்டுமா போச்சு? அந்த சமையல் ரூமையும் விட்டுத்தானே போச்சு. பூசணத்தை ரெண்டு பேரும் மூச்சுல இழுத்துக்கிட்டு இருந்திருக்கீங்க. முதல்ல ஆவி வெளியே போக வழி பண்ணுங்க. அப்புறம் குழந்தையைக் கூட்டிட்டு வாங்க."

வீட்டுக்கார அம்மா கணவர் இறந்தபின் முன்போர்ஷனில் தனியாக இருந்தார். ஜன்னலைத் திறக்க முடியாது என்று ஒரேயடியாகச் சொன்னார்.

"பின்போர்ஷன் காலியா இருந்தப்போ அந்த ஜன்னல் வழியாத்தான் திருடன் உள்ளே வந்தான். என் கழுத்துல கையை வெச்சு செயினை அறுத்தான். என்னால கத்தக்கூட முடியல. வேற வீடு பார்த்துக்கோம்மா."

பின்புறம் அப்போது வெறும் முட்புதர். கண்ணுக்கெட்டிய தூரம் வீடு கிடையாது. அவரோடு என்னால் வாதாட முடியவில்லை. "நாளைக்குக் காலையில நான் சமைக்கும்போது ஒரு தடவை உள்ளே வந்து நில்லுங்கம்மா" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

வந்தார். ஆவியில் எதிரில் நிற்பவர் முகமே மங்கித் தெரிந்தது. கறுத்த மூலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷீட்டிலிருந்து ஒரு சொட்டு அவர் பின்கழுத்தில் விழுந்தது. அவ்வளவுதான். இரண்டு கைகளாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒண்டிவிட்டார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

சுவரில் சாய்ந்தபடியே, "குழந்தை இதுக்குள்ளேயா விளையாடுது?" என்று கேட்டார்.

"ஆமாம்மா."

"கொத்தனாரை வரச் சொல்லு."

செங்கல்லைப் பெயர்த்தபோது பழைய ஜன்னல் சட்டம் உள்ளேயே இருந்தது. "இங்க பாரும்மா, கம்பி வளைஞ்சி கீது" என்றார் கொத்தனார். ஒரு ஆள் நுழையும் அளவுக்கு இரண்டு கம்பிகள் விலகியிருந்தன. வீட்டுக்கார அம்மா பார்க்காமல் உள்ளே போய்விட்டார். அதுவரை திருடன் எனக்கு வெறும் கதைதான்.

கை நுழையாத நெருக்கத்தில் தடித்த கம்பிகள் போட்டு, வெளியே வலையும் அடித்தோம். எதிர்ச்சுவரில் கூரையை ஒட்டி இன்னொரு திறப்பு வைத்ததால் காற்று குறுக்கே ஓடியது. பூசணத்தை ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவி, சுவர் நன்றாகக் காய்ந்தபின் வெள்ளையடித்தோம். முதல் நாள் இட்லி வெந்தபோது ஆவி மேலே எழுந்து, வளைந்து, அந்தத் திறப்பு வழியாக வெளியேறியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

தை பிறந்ததும் குழந்தையை அழைத்து வந்தோம். அவள் தூங்கும்போதெல்லாம் நெஞ்சில் காது வைத்துக் கேட்பேன். இழுப்பு திரும்பவில்லை. என் இருமல் மட்டும் பங்குனி வரை இழுத்தடித்து நின்றது.

ஆனால் ஜன்னல் பயம் புதிதாக வந்து சேர்ந்தது. சாயங்காலம் கணவரின் ரயில் தாமதமானால், ஜன்னலுக்கு முதுகு காட்டி ஸ்டவ் முன் நிற்பது எனக்குப் பெரும்பாடு. புதரில் ஏதாவது சலசலத்தால் திரும்பிப் பார்ப்பேன். அதற்குள் பால் பொங்கிவிடும்.

ஒரு சாயங்காலம் வீட்டுக்கார அம்மா ஒரு மணையைத் தூக்கிக்கொண்டு வந்து, ஜன்னலைப் பார்த்தபடி என் சமையலறையில் போட்டு உட்கார்ந்தார்.

"நீ சமைம்மா. நான் பார்த்துக்கறேன்" என்றார். என் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். என் கணவர் வரும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. அந்த வீட்டில் நாங்கள் இருந்தவரை, ரயில் தாமதமான நாட்களிலெல்லாம் அப்படித்தான் வந்து உட்கார்ந்தார்.