ஞானதுரை செய்த இடக்கைக் கிட்டார்

வாஷியிலிருந்து திரும்பும் ரயில் கழிமுகப் பாலத்தில் ஏறியபோது கைப்பேசி அடித்தது. ஞானதுரையின் மனைவி பாக்கியம் டீச்சருடைய தம்பி பேசினார். "அத்தான் போயிட்டாக," என்றார். எனக்கு விளங்கவில்லை. "எங்கே போயிருக்கார்?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் அவர் உடைந்து அழுத பிறகுதான் புரிந்தது. மத்தியானம் அலுவலகத்தில் சாப்பிட்டு முடித்து, டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்த ஞானதுரை எழுந்திருக்கவில்லை. நான் மாட்டுங்காவிலுள்ள என் வீட்டுக்குப் போகாமல் செம்பூரிலேயே இறங்கி அவர் வீட்டுக்கு நடந்தேன். வாசலில் கிடந்த செருப்புகளின் கூட்டத்தைப் பார்த்த பிறகும் அவரே வந்து கதவைத் திறப்பார் என்று மனம் எதிர்பார்த்தது.

ஞானதுரையை உங்களில் பலர் மேடையில் பார்த்திருப்பீர்கள். தாராவியில் பிறந்து வளர்ந்தவர். தனியார் கம்பெனி ஒன்றில் கணக்கு வேலை. சனி ஞாயிறுகளில் எங்கள் இசைக்குழுவின் முதன்மைக் கிட்டார். நான் கீபோர்டு. தாராவிப் பொங்கல் விழா, முலுண்ட் கல்யாண வரவேற்பு, தாணேயில் கோயில் நிகழ்ச்சி என்று எங்கே கூப்பிட்டாலும் போவோம். இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுத வேண்டும் என்பார்கள். ஆனால் அவருக்குக் கர்வம் இருந்தது என்பதைச் சொல்லாவிட்டால் பிறகு நடந்ததன் அருமை தெரியாது. மேடையில் எல்லோருக்கும் ஓரடி முன்னால்தான் நிற்பார். ஒருமுறை நான் தாளத்தைத் தவறவிட்டபோது, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே திரும்பி, "வே சுந்தரம், பாட்டு எங்க போவுது, நீரு எங்க போறீரு?" என்று கேட்டார். மைக்கில் அது கேட்டது. கூட்டம் சிரித்தது. இரண்டு வாரம் நான் அவரோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் அவர் வாசிப்பைக் கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில், நெரிசலான ரயிலில் கதவோரம் நின்றிருந்தார். வண்டி குலுங்கியதில் இழுவைக் கதவு சடாரென்று ஓடிவந்து சட்டத்தைப் பிடித்திருந்த இடது கையில் மோதியது. நடுவிரலும் மோதிர விரலும் பாதி போய்விட்டன. கிட்டார் வாசிப்பவருக்கு இடது கைதான் சுரத்தைத் தேடிப் பிடிக்கும் கை. மருத்துவமனையில் நான் போய்ப் பார்த்தபோது கட்டுப் போட்ட கையைத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தார். "ஆபீஸ் வேலைக்கு ஒண்ணும் தடையில்ல வே. கம்ப்யூட்டருக்கு எட்டு வெரல் தாராளம்," என்றார். கிட்டார் என்ற சொல்லை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. வீடு திரும்பியதும் தம் பழைய கிட்டாரைத் தேவாலயத்தின் பாடகர் குழுவுக்குக் கொடுத்துவிட்டார்.

அதன்பின் அவர் எங்கள் நிகழ்ச்சிகளுக்கு வருவதில்லை. அவர் இடத்தில் நிவேதா என்ற பெண் வந்து சேர்ந்தாள். முலுண்டிலிருந்து வருவாள். நன்றாக வாசிப்பாள். நாங்களும் பழகிக்கொண்டோம். அப்படி இருக்கையில் ஒரு கோடைக்காலத்தில் ஞானதுரை தொலைபேசியில் அழைத்து, "வீட்டுக்கு ஒரு எட்டு வாரும். ஒண்ணு காட்டணும்," என்றார்.

சன்னல் வைத்து அடைத்த பால்கனிதான் அவருடைய பட்டறை. சலவை இயந்திரத்தின் மூடிமேல் பழைய கம்பளம் விரித்திருந்தது. அதன்மேல் மரத்தில் கடைந்த ஒரு கிட்டாரின் உடல் கிடந்தது. தாராவியில் தெரிந்த தச்சர் ஒருவரிடம் மகோகனிப் பலகையிலிருந்து உடலையும் வேறொரு வெளிர் மரத்திலிருந்து கழுத்தையும் வெட்டி வாங்கியிருந்தார். உற்றுப் பார்த்த பிறகுதான் அதன் வளைவுகள் இடம் வலம் மாறியிருப்பது தெரிந்தது. இடது கைக்காரருக்கான கிட்டார். ஊனப்பட்ட இடது கையால் மீட்டுவது, இதுவரை மீட்டிய வலது கையால் சுரம் பிடிப்பது என்பது அவர் திட்டம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இருந்தால் மீட்டும் வில்லையைப் பிடித்துக்கொள்ளலாம் அல்லவா?

"கடையிலேயே கிடைக்குமே துரை," என்றேன்.

"கிடைக்கும். என் கைக்குப் பொருந்தாது," என்று சொல்லிவிட்டு உப்புத்தாளால் தேய்க்கத் தொடங்கினார்.

தேய்த்தார், தேய்த்துக்கொண்டே இருந்தார். கரடான தாள், அதைவிட நைசான தாள், பிறகு தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற தாள். மரத்தூள் காயப்போட்ட துணியிலெல்லாம் படிந்தது. நான் போகும்போதெல்லாம் அவருடைய புருவங்கள் செம்மண் பூசியதுபோல இருக்கும். பிறகு மாதுளம்பழத் தோலின் நிறத்தில் சாயம் ஏற்றினார். மரத்தின் ரேகைகள் அந்தச் சிவப்புக்குள்ளிருந்து எழுந்து வந்ததைப் பார்த்து நானே வாயடைத்துப் போனேன். அதன்மேல் பாலிஷ் அடிக்க வேண்டும். உடலைக் கொடிக்கயிற்றில் தொங்கவிட்டுத் தெளிப்பானால் அடித்தார். நெடி மாடிப்படி முழுக்க இறங்கியது. கட்டடச் சங்கத்துச் செயலாளர், மராட்டிக்காரர், மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார். "துரை பாய், பூரா பில்டிங் மே வாஸ் ஆ ரஹா ஹை!" உள்ளே அழைத்துப் போய்க் காட்டியதும் அவர் கோபம் தணிந்தது. கொஞ்சம் தயங்கி, அந்தக் கையையும் பார்த்துவிட்டு, மொட்டைமாடியின் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தச் சாவிதான் வினையாயிற்று. மழைக்காலம் தொடங்கிவிட்டது. மழை ஓய்ந்த ஒரு பிற்பகலில் அவசரப்பட்டு மாடியில் வைத்துப் பாலிஷ் அடித்தார். காற்றிலிருந்த ஈரம் பாலிஷுக்குள் புகுந்து, காயக் காயச் சிவப்பின்மேல் வெள்ளையாகப் பூத்துவிட்டது. கண்ணில் புரை விழுந்த மாதிரி. என்னிடம் காட்டியபோது அவர் ஏமாந்துபோனவர்போலத் தெரியவில்லை. "மழை போவட்டும். எல்லாத்தையும் சொரண்டிட்டு முதல்லருந்து அடிக்கேன்," என்றார். அந்தக் குரலில் ஒரு நிம்மதி தெரிந்தது எனக்கு வியப்பாக இருந்தது.

தசராவுக்குப் பிறகு மறுபடி அடித்தார். இம்முறை கண்ணாடிபோல வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் போனபோது அந்தக் கண்ணாடியின்மேல் அவர் மீண்டும் உப்புத்தாளை வைத்திருந்தார். சமையலறையிலிருந்து பாக்கியம் டீச்சர் வந்தார். கையில் மீன் சட்டி.

"அண்ணாச்சி, ஒங்க கண்ணுக்கு இதுல குத்தம் ஏதாவது தெரியுதா?"

"இல்லை டீச்சர்."

"அவுகளுக்குத் தெரியுது. நேத்து ஒண்ணு தெரிஞ்சுது. இன்னைக்கு வேற ஒண்ணு தெரியுது. இவுக கிட்டார் செய்யல அண்ணாச்சி. அதுக்குப் பின்னால ஒளிஞ்சிருக்காக."

ஞானதுரை தேய்ப்பதை நிறுத்தினார். பிறகு என்னைப் பார்த்துத்தான் பேசினார். "கடையில வாங்குனா அன்னைக்கே வாசிச்சுப் பாக்கணும் வே. செஞ்சா, முடியுத வரைக்கும் வாசிக்க வேண்டாம்லா."

"வாசிக்க வரலைன்னா என்ன இப்பம்?" என்றார் டீச்சர்.

"வரலைன்னு தெரிஞ்சு போச்சுன்னா, பொறவு என்ன செய்ய?"

"பொறவு வந்து இந்த மீனைக் கழுவித் தாங்க. அதுக்கும் ஆளு வேணும்லா."

அவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்துக்கொண்டார். உப்புத்தாள்களைச் சுருட்டி டீச்சரிடமே கொடுத்து, "இத எங்கயாவது தூரப் போட்டுரு," என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொருத்தும் வேலை. மூன்று பேரும் உட்கார்ந்தோம். நான் கழுத்தை உடலோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்ள, அவர் பின்னாலிருந்து திருகாணிகளை முடுக்கினார். சிறு திருகாணிகள் அவருடைய இடது கையில் நிற்காமல் நழுவின. டீச்சர் தம் புருவ இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துத் துளையில் நிறுத்தினார். பிறகு சால்டரிங். தந்தியின் அதிர்வை வாங்கும் பிக்கப்புகளிலிருந்து வரும் ஒயர்களை டீச்சர் இடுக்கியில் பிடிக்க, இவர் வலது கையால் ஈயத்தை உருக்கி வைத்தார். "கைய ஆட்டாத." "நான் ஆட்டல, நீங்கதான் ஊதுதீய." கழுத்தின் உச்சியில் தந்திகள் உட்காரும் சிறிய எலும்புத் துண்டு, கடையில் வலது கைக்காரர்களுக்குத்தான் கிடைத்தது. தடித்த தந்தியின் பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய தந்தியின் பள்ளம். அதனால் வெட்டாத எலும்புத் துண்டு ஒன்றை வாங்கி, அவரே அரத்தால் ராவிப் பள்ளம் எடுத்தார். ஒவ்வொரு ராவலுக்கும் ஒருமுறை தந்தியை வைத்துப் பார்த்தார். கூடுதலாக ஆழ்ந்துவிட்டால் தந்தி கட்டையில் உரசும்.

தந்திகளை ஏற்றி ஆம்ப்ளிபயரில் செருகியதும் வீடே ரீங்காரமிட்டது. மின்மாற்றிக்குப் பக்கத்தில் நிற்பதுபோல ஓர் இரைச்சல். ஞானதுரையின் முகம் விழுந்துவிட்டது. செருகியின் உலோகத்தைத் தொட்டால் இரைச்சல் குறைந்தது. தந்திகளைத் தொட்டால் மாறவில்லை. சற்று யோசித்தார். தந்திகள் கீழே ஊன்றி நிற்கும் உலோகப் பாலத்துக்குப் போக வேண்டிய எர்த் ஒயரை மறந்துவிட்டோம். மறுபடியும் தந்திகளைத் தளர்த்தி, பாலத்தைக் கழற்றி, ஒயரை அடியில் செலுத்தி, எல்லாவற்றையும் பூட்டினோம். இம்முறை செருகியபோது அமைதி. டீச்சர் கைதட்டினார். அவர் சுருதி சேர்த்தார், துணியால் துடைத்தார், பைக்குள் வைத்து மூடினார். "இன்னைக்கு இது போதும்," என்றார். நாங்கள் இருவரும் வற்புறுத்தவில்லை.

சில நாள் கழித்து நான் அலுவலகத்தில் இருக்கும்போது அவருடைய அழைப்பு வந்தது. "கேளும்," என்றார். ஆறு தந்திகளும் சேர்ந்து ஒலிக்க வேண்டிய ஒரே ஓர் இசைக்கூட்டை மீட்டினார். தடுமாறிய, பாதி செத்த ஓசை.

"எப்படி?"

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "ரெண்டு தந்தி சரியா அமுங்கலை துரை."

"அப்பம் நாலு அமுங்கிருக்குல்லா," என்றார்.

அன்றிலிருந்து அவர் நிறுத்தியதில்லை. வலது கை விரல்நுனிகள் வீங்கின, தோல் உரிந்தது, காய்ப்பேறியது. முப்பது ஆண்டு வாசித்த மனிதர் முதல் வகுப்பு மாணவர்போல மாற்றி மாற்றி மூன்று இசைக்கூட்டுகளை வாசித்தார். அவருடைய காது முதிர்ந்த கலைஞரின் காது. கையோ நேற்றுத் தொடங்கிய கை. தம் ஒவ்வொரு தவறையும் மற்ற யாரைவிடவும் தெளிவாகக் கேட்டுக்கொண்டே அவர் வாசிக்க வேண்டியிருந்தது. அது எப்படிப்பட்ட வேதனை என்று வாசிப்பவர்களுக்குத் தெரியும். ஒரு மாலை நிவேதாவை வீட்டுக்கு அழைத்து, "மக்கா, ஒண்ணுலருந்து அடுத்ததுக்கு மாத்தும்போது என் வெரல் எங்க தட்டுதுன்னு பாத்துச் சொல்லு," என்று கேட்டாராம். அவள் என்னிடம் சொன்னபோது குரல் இறங்கிவிட்டது. "எனக்குத்தான் அங்கிள் கூச்சமா இருந்தது. அவருக்கு இல்லை."

அடுத்த ஆண்டு அவர் குழுவுக்குத் திரும்பினார். முதன்மைக் கிட்டார் நிவேதாதான். இவர் பின்வரிசையில், டிரம்ஸுக்குப் பக்கத்தில், பாட்டுக்கு அடித்தளமாக இசைக்கூட்டுகளை மட்டும் மீட்டினார். முலுண்டில் ஒரு வரவேற்பு. மூன்றாவது பாட்டில் ஓர் இடத்தில் தவறவிட்டார். நான் பதறித் திரும்பினேன். அவர் பதறவில்லை. கையைத் தந்திமேல் சும்மா வைத்திருந்தார். பல்லவி திரும்பி வந்ததும் சரியாகச் சேர்ந்துகொண்டார். இடைவேளையில் கேட்டதற்கு, "பாட்டு சுத்தி வரும்லா. நின்னு ஏறிக்கிடலாம்," என்றார்.

அடக்கத்துக்குப் பிறகு வீட்டில் ஜெபம் நடந்தது. எல்லோரும் கிளம்பியபின் பாக்கியம் டீச்சர் அந்தச் சிவப்புக் கிட்டாரைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். நான் கிட்டார் வாசிக்கிறவன் அல்ல. நிவேதாவிடம் கொடுத்தேன். அவள் தோளில் மாட்டிப் பார்த்தாள். எல்லாம் தலைகீழாக இருந்தது. எந்தத் தந்தி எங்கே என்று அவள் விரல்கள் தடுமாறின. குழுவில் யாராலும் அதை வாசிக்க முடியாது என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. "தந்தியை மாத்திக் கட்டினா வாசிக்கலாம் ஆன்ட்டி," என்றாள் தயங்கியபடி. டீச்சர் வேண்டாம் என்று தலையசைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "புதுசா படிக்கவுகளுக்கு எந்தக் கைன்னு உண்டா மக்கா?" என்று கேட்டார். "இல்லை ஆன்ட்டி, எப்படிப் பழகறோமோ அப்படித்தான்." "அப்பம் எனக்குச் சொல்லித் தா. எனக்கு எந்தப் பழக்கமும் கிடையாது." இப்போது சனிக்கிழமை மாலைகளில் நிவேதா செம்பூருக்குப் போகிறாள்.

ஆகவே கிட்டார் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்கிறது. என்னிடம் அவருடைய பொருள் எதுவும் இல்லை. என்னிடம் இருப்பது அந்த முலுண்ட் நிகழ்ச்சி முடிந்து பிளாட்பாரத்தில் நின்றிருந்த சில நிமிடங்கள். பழைய ஞானதுரையாக இருந்தால், எப்படி வாசித்தேன் என்று என் வாயிலிருந்து வரவழைக்காமல் வண்டி ஏறமாட்டார். நானும் ஒரு பாராட்டை மனத்தில் தயாராக வைத்திருந்தேன். அவர் அதைக் கேட்கவே இல்லை. கிட்டார்ப் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, வருகிற வண்டியை எட்டிப் பார்த்தபடி கேட்டார்: "வே சுந்தரம், அடுத்த ப்ராக்டீஸ் எப்பம்?"