எல்லாவற்றையும் நானே எழுதிய காலை

அன்று காலை வீட்டில் நானும் அம்மாவும் இருந்தோம். அப்பா இல்லை. "ரெண்டு பேரும் நின்னா எப்படி? வீட்டுக்கு ஒரு பேராவது விழட்டும்" என்று தேயிலைத் தோட்டத்தில் காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் போய்விட்டார். பேர் விழுந்தால்தான் அன்றைய சம்பளம். அம்மா வேலைக்குப் போகாமல் நின்றது, ஒட்டி ஒட்டி வீடுகள் உள்ள லயத்தில் சத்தம் வராமல் பார்த்துக்கொள்ள. கொழும்பு மென்பொருள் நிறுவனம் ஒன்று ஒன்பது மணிக்கு எனக்கு இணையத்தில் சோதனை வைத்திருந்தது.

பதுளையில் படிப்பை முடித்து எட்டு மாதமாகியிருந்தது. முந்திய வருடம் எங்களுக்கு முன் முடித்த வகுப்பில் ஆறு பேரை எடுத்த அதே நிறுவனம், இம்முறை ஒருவர் போதும் என்றது. புதியவர்கள் எழுதுகிற நிரலை இப்போது ஏஐ எழுதிவிடுகிறதாம். அந்த ஓரிடமும் போனால் எனக்குப் பக்கத்து டவுன் ஹாலிஎலயில் போன் கடை வேலைதான்.

எந்தக் கருவியையும் பயன்படுத்தலாம் என்று சோதனையின் முதல் வரியிலேயே இருந்தது. நான் நம்பவில்லை. தேயிலை மலையில் ஒருத்தி பறித்த கொழுந்து இன்னொருத்தியின் பையில் நிறுவைக்குப் போனால், அம்மா ஒரு வாரம் அதையே பேசுவார். அந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு அது ஆளைச் சோதிக்க வைத்த பொறியாகத்தான் பட்டது. ஏஐ பக்கத்தை மூடிவிட்டு எழுதத் தொடங்கினேன்.

வெளியே அம்மாவின் குரல் கேட்டது. "யக்கா, டிவிய கொஞ்சம் கொறைங்க. தம்பிக்கு பரீட்சை."

"இன்னுமா முடியல? பென்சன் எடுக்குற வரைக்கும் எழுதுவான் போல" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. ஆனாலும் சத்தத்தைக் குறைத்தார்.

மூன்று மணி நேரத்தில் ஐந்து கேள்விகளில் மூன்றுதான் முடிந்தன.

மூன்றாம் நாள் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் அழைத்தார்.

"நீங்க எழுதினது சுத்தமா இருக்கு. ஆனா ஏன் ஏஐய தொடவே இல்ல?"

"பாத்து எழுதின மாதிரி ஆயிடும்னு நினைச்சேன், மேடம்."

"இப்ப வேலையே அதுதான், தம்பி. அது எழுதும். எங்க பிழையா எழுதுதுன்னு நீங்க புடிக்கணும்."

எனக்கு இடம் இல்லை. இடம் கிடைத்தவர் ஐந்தையும் ஏஐயைக் கொண்டு ஒரு மணி நேரத்தில் எழுதவைத்து, மீதி நேரமெல்லாம் பிழை தேடினாராம்.

அப்பாவிடம் சொன்னேன்.

"அப்ப அது கணக்கப்புள்ள வேலைன்னு சொல்லு. பறிக்கத் தேவையில்ல, பறிச்சத பாக்கணும்."

"பறிச்சுப் பழகாதவனுக்கு எப்படிப்பா தெரியும், எது முத்தின கொழுந்துன்னு?"

"ஒனக்குத்தான் பறிக்கத் தெரியுமே. பெறகு ஏன் அந்த எடத்த விட்ட?"

ரோட்டுக்குப் போனேன், திரும்பி வந்தேன், மடிக்கணினியைத் திறந்தேன், மூடினேன். எழுதிப் பழகப் புதியவர்களை யாரும் வேலைக்கு எடுக்காவிட்டால் எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்குப் பிழை பார்க்கும் கண் எங்கிருந்து வரும் என்று யோசித்தேன். யோசித்து என்ன, அடுத்த மாதம் வேறொரு நிறுவனத்தில் சோதனை இருந்தது.

ஏஐ கருவிக்கு ஒரு மாதக் கட்டணம் கட்ட அப்பாதான் பணம் தந்தார். அது ஆறாயிரத்து நூறு. டேட்டாவுக்கு ஆயிரம். சோதனை நாளன்று அம்மாவுக்கு விழாத பேர் ஆயிரத்து முந்நூற்றைம்பது. எனக்காக வீட்டில் போனது எல்லாம் சேர்த்து எட்டாயிரத்து நானூற்றைம்பது ரூபாய்.