கழுத்தில் பூசிய மஞ்சள்

தனசேகருக்குக் காது போனது நகரியில், தறிச் சத்தத்தில். பதினாறு வயதில் பவர்லூம் செட்டுக்குள் நுழைந்தவர் முப்பத்தெட்டு வயதில் வெளியே வந்தபோது, இடது காது முழுசாகவும் வலது காது பாதியாகவும் அங்கேயே தங்கிவிட்டன. அதற்காக அவர் வருத்தப்பட்டு யாரும் பார்த்ததில்லை. ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்டால், "பொண்டாட்டி திட்டினா எனுக்குக் காதுல வுழாது. பாவம், அவ தொண்டத் தண்ணிதான் வத்தும்" என்பார். கேட்டவர்கள் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

அவர் நெய்தவர் இல்லை, தறி ஃபிட்டர். பவர்லூம் என்பது நாள் முழுக்கத் தன்னைத்தானே உதறிக்கொள்ளும் யந்திரம். விட்டால் தன் நட்டுகளைத் தானே கழற்றித் தரையில் போட்டுவிடும். எந்த நட்டு எத்தனை நாளில் தளரும், எந்த இரும்பு எந்த இடத்தில் சோர்ந்துபோகும் என்பதெல்லாம் தனசேகருக்கு உள்ளங்கையில் தெரியும். ஓடுகிற தறிமேல் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். செட்டு முதலாளி பாலையா, "தறிக்கு ஜுரமா மேஸ்திரி?" என்று கிண்டல் செய்வார். ஆனால் தனசேகர் மாற்றச் சொன்ன போல்ட்டை அன்றைக்கே மாற்றிவிடுவார்.

தறிகள் ஒவ்வொன்றாக நின்றபோது தம்பி குணா வந்து அண்ணனைத் திருப்பதிக்கு அழைத்துப்போனான். ரேணிகுண்டா ரோட்டில் குணாவுக்கு ஒரு டூவீலர் ஒர்க்‌ஷாப் இருந்தது. முன்னால் ஷெட், பின்னால் வீடு. வீட்டில் அவன் மனைவி ரோஜா, ஏழு வயது மகள் ரக்‌ஷிதா. என்ஜின் வேலை குணாவுக்கு, வெல்டிங் வேலை தனசேகருக்கு என்று ஆனது. மூன்று வேளையும் ரோஜா கையால் சாப்பாடு. காது கேட்காத மனுஷரோடு கத்திக் கத்திப் பேசியே அவள் குரல் தடித்துப்போனது என்று குணா சொல்வான். ஆறு வருஷம் அப்படி ஓடியது. தனசேகரின் வாழ்க்கையில் குடும்பம் என்று சொல்லிக்கொள்ள அந்த ஆறு வருஷம்தான்.

பவன்குமார் வந்தது போன ஆடி மாதத்தில். திருப்பதியில் லாட்ஜ் வைத்திருப்பவரின் மகன். கெட்ட பையன் இல்லை. கையில் ஃபோன் இல்லாமல் பேசத் தெரியாதவன், அவ்வளவுதான். ஃபோனில் ஒரு பழைய காலத்து மோட்டார் சைக்கிள் படத்தைக் காட்டினான். பின்னால் ஷாக் அப்சார்பர் கிடையாது. பின்சக்கரம் நேராகச் சட்டத்திலேயே பூட்டியிருக்கும். ரோட்டில் உள்ள குழியெல்லாம் சட்டத்துக்கும் ஓட்டுகிறவன் முதுகுக்கும் நேராகப் போய்ச் சேரும். சீட்டுக்குக் கீழே இரண்டு ஸ்பிரிங் மட்டும் ஆறுதலுக்கு.

"இதே மாதிரி வேணும் அண்ணா. பெங்களூர் ஷோவுக்கு நானே ஓட்டிக்கிட்டுப் போகணும். நடுரோட்ல நின்னா நா பருவு போதுந்தி, மானமே போயிடும்" என்றான்.

குணா படத்தைப் பார்த்துச் சிரித்தான். "ண்ணா, இது வண்டியா தறியா?"

தனசேகர் சிரிக்கவில்லை. படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். இருபத்திரண்டு வருஷம் எந்த உதறலோடு மல்லுக்கட்டினாரோ அதே உதறல் சக்கரம் கட்டிக்கொண்டு வந்திருந்தது. இதைத் தன்னைவிட ஒழுங்காகச் செய்ய இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது என்று அவருக்குத் தோன்றியது. அந்த நினைப்பில் தப்பு ஒன்றும் இல்லை. உண்மைதான்.

இரண்டரை மாதம் ஆனது. பழைய என்ஜின் ஒன்றைக் குணா முழுக்கப் பிரித்துப் புதிசாக்கினான். தனசேகர் குழாய்களை வளைத்துச் சட்டம் கட்டினார். மொத்தம் பன்னிரண்டு இணைப்புகள். தறியில் செய்கிற மாதிரியே எல்லா நட்டுக்கும் இரட்டை நட்டு, முக்கியமான போல்ட்டுகளில் துளை போட்டுக் கம்பி கோத்துக் கட்டு. குணாவுக்கே பொறாமை வருகிற அளவுக்கு அழகாக வந்தது.

கழுத்தில்தான் வம்பு வந்தது. முன்சக்கரத்தைத் தாங்குகிற குழாய் சட்டத்தோடு சேருகிற இடம் அது. வண்டியின் பாரமெல்லாம் அங்கே வந்துதான் நிற்கும். தனசேகர் வெல்டிங்கைத் தடிப்பாக ஓட்டி, இரண்டு பக்கமும் முட்டுத்தகடு வைக்கப் பார்த்தார். பவன்குமார் முகத்தைச் சுளித்தான். ஒரே இரும்பில் வார்த்த மாதிரி வழவழவென்று இருக்க வேண்டும், தகடும் கூடாது, மேடும் கூடாது என்றான். குணாவும், "தேய்ச்சு வுடுண்ணா, அவன் ஆசப்படறான்" என்றான்.

இருபத்திரண்டு வருஷம் இரும்பு உடைவதைப் பார்த்தவர் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. கிரைண்டரை எடுத்து வெல்டிங் மேட்டை வழவழவென்று தேய்த்தார். தகட்டைத் தூக்கி மூலையில் போட்டார். நன்றாக இருக்கிறது என்று நாலு பேர் சொல்வதைக் கேட்க அந்த அரைக் காதுக்கும் ஆசை இருந்தது.

ஆனால் தேய்த்ததற்கு ஈடாக ஒரு நிபந்தனை போட்டார். பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் வெறும் இரும்பாகவே நானூறு கிலோமீட்டர் ஓட வேண்டும். தினமும் குணா பாகாலா வரை போய்த் திரும்ப வேண்டும். தினமும் சாயங்காலம் சோதனை. தறி ஃபிட்டர்களின் பழைய சோதனைதான் அது. இணைப்பின்மேல் மண்ணெண்ணெய் தடவுவது, கொஞ்ச நேரம் ஊறவிட்டுச் சுத்தமாகத் துடைப்பது, மேலே சாக்பீஸ் தேய்ப்பது. இரும்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய மண்ணெண்ணெய் திரும்பக் கசியும். வெள்ளைச் சாக்பீஸில் ஈரக்கோடு விழும்.

முதல் நாளும் இரண்டாம் நாளும் பன்னிரண்டு இணைப்பும் வெள்ளையாகவே இருந்தன. மூன்றாம் நாள் கழுத்தில், இடப்பக்கம், கடுகளவு ஈரம் தெரிந்தது. தனசேகர் துடைத்துவிட்டு மறுபடி தேய்த்துப் பார்த்தார். மறுபடியும் தெரிந்த மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது.

"இன்னாண்ணா?" என்றான் குணா.

"கிரைண்டர் கீறல்ல எண்ணெ நின்னுகினு கீதோ இன்னாவோ. நாளிக்குப் பாக்கலாம். கோடா நீண்டுதுன்னா அறுத்துட்டுத் தகடு வெச்சே தீரணும். அவன் இன்னா குதிச்சாலும் சரி."

"பாத்துக்கலாம்" என்றான் குணா.

அவர் சொன்ன அந்த மறுநாள் ஆயுத பூஜையாக இருந்தது. குணா காலையிலேயே பாகாலா போய் மத்தியானத்துக்குள் திரும்பிவிட்டான். ரோஜா ஷெட்டைக் கழுவிக் கோலம் போட்டாள். ஸ்பேனர், சுத்தியல், வெல்டிங் செட், கிரைண்டர் எல்லாவற்றையும் துடைத்துச் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக வைத்தாள். மண்ணெண்ணெய் பாட்டிலும் சாக்பீஸ் டப்பாவும்கூட அதில் சேர்ந்தன. அவற்றுக்கும் குங்குமப் பொட்டு. பூஜையில் வைத்த சாமானை மறுநாள் வரை தொடக்கூடாது. நகரியில் ஓயாமல் ஓடுகிற தறிகூட அன்றைக்கு ஒரு நாள் வாயை மூடிக்கொள்ளும்.

கடைசியாக வண்டிக்கு வந்தாள். மஞ்சளைத் தண்ணீராகக் கரைத்து இரண்டு சக்கரத்திலும் பூசினாள். என்ஜினில் பூசினாள். கழுத்துக்கு வந்ததும் கை நிறைய அள்ளினாள். "இதான மாமா இதுக்கு நெத்தி?" என்று கத்திக் கேட்டுவிட்டு, அழுத்தி அழுத்திப் பூசி நடுவில் பெரிய பொட்டு வைத்தாள். நாளைக்கு ஓட்டப்போவது தன் புருஷன் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கை அவ்வளவு தாராளமாக இருந்ததற்குக் காரணம் அதுதான். தனசேகர் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்குச் சோதனை நடக்கவில்லை.

மறுநாள் விஜயதசமி. எந்த வேலையைத் தொடங்கினாலும் விளங்கும் என்கிற நாள். சித்தூர் பெயின்டர் அன்றைக்கே முதல் கோட் அடிப்பதாகச் சொல்லியிருந்தார். குணா பாகாலா வழியாகச் சித்தூர் போய் வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்புவதாக ஏற்பாடு. நானூறு கணக்கும் வழியிலேயே முடிந்துவிடும். தனசேகர் விடிந்ததும் சூடம் காட்டிச் சாமானை எடுத்தார். மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, சாக்பீஸ் போட்டு, பதினொரு இணைப்பைப் பார்த்தார். பதினொன்றும் வெள்ளை. பன்னிரண்டாவதற்கு வந்தபோது மஞ்சள் காய்ந்து ஓடு கட்டியிருந்தது. நடுவில் பொட்டு. துணியை மண்ணெண்ணெயில் நனைத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ண்ணா, நல்ல நாளும் அதுவுமா பொட்ட அழிப்பாங்களா?" என்றான் குணா, இட்லியைத் தின்றுகொண்டே. "அவ பாத்தான்னா அழுவா. சாயங்காலம் பெயின்டரு எப்படியும் மஞ்சள ராவித்தான் எடுக்கப் போறான். அப்ப பாக்கச் சொல்றேன்."

தனசேகர் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ரோஜா மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். துணியைக் கீழே போட்டார். வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் கழுத்துமேல் உள்ளங்கையை மட்டும் வைத்துப் பார்த்தார். காய்ந்த மஞ்சளுக்கு மேலே அந்தக் கைக்கு ஒன்றும் புரியவில்லை. "பாகாலா தாண்டி ரோடு மோசம், மெதுவா போ" என்றார்.

பத்தரை மணிக்கு ஃபோன் வந்தது. ஃபோன் பேச்சு தனசேகருக்குக் காதில் விழாது. எடுத்து யார் கையிலாவது கொடுத்துவிடுவது அவர் பழக்கம். திரையில் தம்பி பேர் தெரிந்தது. சித்தூர் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று நினைத்து, சுண்டல் கொண்டுவந்த ரோஜாவிடம் நீட்டினார். பேசியது குணா இல்லை. "அம்மா, ஈ ஃபோன் எவரிதம்மா?" என்று யாரோ தெலுங்கில், இது யார் ஃபோன் என்று கேட்டார். வேகத்தடையில் ஏறி இறங்கியபோது முன்சக்கரம் தனியாகக் கழன்று போனதையும், எதிரே வந்த லாரியையும் அந்த ஆள் தனக்குத் தெரிந்த அளவில் சொன்னார். ரோஜா ஃபோனைக் காதிலிருந்து எடுத்தாள். அவள் வாய் திறந்து திறந்து மூடியது. தனசேகர், "இன்னாம்மா, இன்னாம்மா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தச் சேதியை அவள் அவருக்குக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கொடுமை மட்டுமாவது அவளுக்கு நடக்காமல் இருந்திருக்கலாம்.

பவன்குமார் மாலையோடு வந்தான், உண்மையாகவே அழுதான். அப்புறம் வரவில்லை. உறவுக்காரப் பெண்கள் காரியத்துக்கு வந்து, அவரவர் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போனார்கள். பூஜையில் ஏதோ குறை, தீட்டு நாளாக இருந்திருக்கும், பூசணிக்காய் சரியாக உடையவில்லை என்று. சாவு வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே பேசினார்கள். ரோஜா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

பதினெட்டாம் நாள் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வண்டி மினிலாரியில் வந்து இறங்கியது. தனசேகர் அதைப் பார்க்க அதுவரை போகவில்லை. ஷெட்டில் தனியாக நின்று வண்டியின் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். முறிந்த வாயில் ஒரு பாதி புது இரும்பு, பளபளவென்று. மறுபாதி மஞ்சள்.

அவருக்குப் புரிய அரை நிமிஷம் ஆகவில்லை. பளபளத்தது அன்றைக்கு ரோட்டில் உடைந்தது. மஞ்சள் இறங்கியிருந்த பாதி, ரோஜா பூசுவதற்கு முன்பே விட்டிருந்த விரிசல். விரல் அகலம். அன்றைக்குக் காலையில் அந்தப் பொட்டைத் துடைத்திருந்தால் சாக்பீஸில் கோடு அப்படியே விழுந்திருக்கும். கண் தெரியாதவனுக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

பின்கதவு திறந்தது. ரோஜா வந்துகொண்டிருந்தாள். குணா போனதிலிருந்து அவள் ஷெட்டுப் பக்கம் வந்ததே இல்லை. தனசேகர் மண்ணெண்ணெய் பாட்டிலை எடுத்தார். அதில் அவள் வைத்த பொட்டு இன்னும் இருந்தது. துணியில் ஊற்றி, முறிந்த வாயை அழுத்தித் துடைத்தார். மஞ்சள் துணியில் வந்தது. அன்றைக்குச் செய்யாத வேலையை இப்போது செய்தார். அவள் பக்கத்தில் வருவதற்குள் துணியைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அவள் உடைந்த இடத்தையே பார்த்தாள். "அங்கதான மாமா கை நெறய பூசனேன்? அங்கியே எப்படி உட்டுது? நான் எதுனா கொற வெச்சிட்டனா?"

"நீ ஒண்ணும் கொற வெக்கல. இது என் வெல்டிங்கு. மேட்டத் தேய்ச்சது நானு. மூணாம் நாளே ஈரம் தெரிஞ்சுது. தெரிஞ்சிகினேதான் அனுப்பிச்சேன்."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. சொல்லாமல் விட்டது மஞ்சளை மட்டும்தான்.

ரோஜா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். ஏதோ சொன்னாள். ஆறு வருஷமாகக் கத்தியே பேசியவள் முதல்முறையாக மெதுவாகப் பேசினாள். அவருக்குக் கேட்கவில்லை. கேட்காமலே விட்டிருக்கலாம். ஆனால் தனசேகர் வலது காதை அவள் பக்கம் திருப்பிக் குனிந்தார்.

"காதுல வுழல ரோஜா. இன்னொரு வாட்டி சொல்லு."

"அவுருக்குப் பதிலா நீ செத்திருக்கலாம்" என்று அவள் கத்தினாள்.

தனசேகர் தலையை ஆட்டினார். "கேட்டுச்சும்மா" என்றார்.